மாற்றி எழுதிய கையெழுத்து

“உன் விவரமெல்லாம் இதுல எழுதித் தா” என்று இயற்பியல் டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டியபோது பேனாவைத் திறக்கத் தயங்கினேன். குற்றாலத்தில் அவர் வீட்டு முன்னறை, வெளியே சாரல். பாட ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்க மாட்டோம் என்று சென்னைக் கல்லூரியில் சொல்லிவிட்டதால் தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். எங்கள் பள்ளியில் இயற்பியலுக்கு அவர் ஒருவர்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில், ரெக்கார்டு நோட்டைத் தாமதமாகக் கொடுத்தவர்களுக்கு அவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்தக் கோபத்தில், அவர் எங்களைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிறார் என்று தலைமையாசிரியைக்குப் பெயர் போடாமல் ஒரு புகார் போனது. முழுப் பொய். எழுத்து அழகாக இருக்கும் என்று தோழிகள் சொன்னதால் அதை எழுதியவள் நான். பெற்றோர் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, “நான் அப்படிப் பேசல” என்று மூன்று முறை சொன்னார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

புகாரை அவரிடம் காட்டியிருப்பார்கள். எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டால்? ஒவ்வோர் எழுத்தையும் இடப்பக்கம் சாய்த்து, ‘ழ’வின் சுழியை மாற்றி எழுதினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“இது உன் எழுத்து இல்லையேட்டி.”

தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“ரெண்டு வருசமா உன் ரெக்கார்டத் திருத்தினவ நான். அந்தப் புகாரப் பாத்த அன்னைக்கே தெரியும்.”

“அப்பவே ஏன் டீச்சர் சொல்லல?”

“சொல்லியிருந்தா டிசியக் குடுத்து அனுப்பியிருப்பாவ. பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான் இருந்துச்சு.”

அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார். பேனாவை எடுத்தார்.

“நல்லா படிக்கிற பிள்ளைன்னு எழுதுதேன். அது நெசம். நல்ல பிள்ளைன்னு எழுத மாட்டேன்.”

அப்படியே எழுதினார். எனக்கு இடம் கிடைத்தது; படித்து முடித்து இப்போது வேலையிலும் இருக்கிறேன். கடிதத்தில் ஒரு வரி குறைவதை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம், தென்காசி பஸ் நிலையத்தில் அவர் சாயலில் யாரைக் கண்டாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அம்மா இன்றும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், “அந்த வாய் கெட்ட டீச்சரா?” என்கிறாள். நான் இன்னும் மறுத்துச் சொல்லவில்லை.