பகலில் சாத்திய கதவு

அந்த ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவில் இருந்தவர்கள்: நான், அண்ணன், அண்ணி, அடுப்படியில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி. வேறு யாரும் இல்லை. அதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னாள் அண்ணி. நான் 'நோபொடி எல்ஸ்' என்று முடித்தேன். கோழியைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அண்ணன் குறைபட்டான்.

மறுநாள் ஹப்புத்தளையில், வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு கெஸ்ட் ஹவுஸில் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். கதவு திறக்கவும் ஃபோன் எடுக்கவும் ஆள் தேவை. யாராவது வந்தார்களா, ஏதாவது சொன்னார்களா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். வேலை கிடைத்தால் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிடலாம். கிடைக்காவிட்டால் பழையபடி விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் போய் நிற்க வேண்டியதுதான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த வாரம் முழுக்க ஃபோனைத் தலைகீழாகப் பிடித்துவிடுவேனோ என்றுகூடப் பயம். அண்ணன் சிரித்தான்.

"இவ பாதி வழியிலயே பஸ்ஸ விட்டு எறங்கி ஓடி வந்துருவா. வேல கெடச்சா நூறு ரூவா தர்றேன்."

அண்ணி என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். பதினோராம் வகுப்பு ஓ/எல் பரீட்சை வரை படித்தவள். ஆள் இருந்தால் 'சம்பொடி', இருக்கிறாரா என்று கேட்டால் 'எனிபொடி' என்று சொல்லிக்கொடுத்தாள். 'நோபொடி'க்குள்ளேயே 'இல்லை' என்பது இருக்கிறது. மேலே ஒரு 'நொட்' போட்டால் கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்ட மாதிரி என்றாள். எவ்ரிபொடி என்றால் எல்லாரும்தானே, பிறகு ஏன் 'ஆர்' போடாமல் 'இஸ்' என்று கேட்டேன். பெரட்டில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறார்கள் இல்லையா, அப்படி நினைத்துக்கொள் என்றாள். அது மனதில் நின்றுவிட்டது.

ஆனால் பாயில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் எழுந்து நின்றதும் மறந்துபோனது. அதனால் அண்ணி என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். அண்ணன் தகரப்பெட்டியோடு வெள்ளைக்காரனாக நடித்து வெளியே நின்றான். அண்ணி கதவைத் தட்ட ஆரம்பித்தாள்.

இங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை, தட்டுவதும் இல்லை. என்ன சமையல் என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள். பகலில் கதவு சாத்தியிருந்தால் ஒன்று சண்டை, இல்லை அதைவிட மோசம். பீலித் தண்ணீரில் துணி துவைத்துவிட்டு வந்த பக்கத்துக் காம்பரா அக்கா பார்த்தாள். சாத்திய கதவு, அதைத் தட்டுகிற அண்ணி, பெட்டியோடு அண்ணன்.

"அடியே, அந்தப் புள்ளைய உள்ள போட்டுட்டுப் புருசனும் பொண்டாட்டியும் எங்கடி கெளம்பிட்டீங்க?"

கொஞ்ச நேரத்தில் லயமே எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றது. உள்ளே நான் தாழ்ப்பாளில் கை வைத்து நின்றேன். கேள்வி வராமல் திறக்கக்கூடாது என்பது அண்ணியின் கட்டளை. அவள் விஷயத்தை விளக்கிச் சொல்வது கேட்டது. பிறகு அக்காவின் குரல்: "அப்ப நானும் ஒரு தட்டு தட்டுறேன்."

அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தட்டினார்கள். கேள்வியை அண்ணி காதில் சொல்லிக்கொடுக்க, அவர்கள் உரக்கக் கேட்டார்கள். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று அக்கா கேட்டதற்கு, 'நத்திங், மேடம்' என்றேன்.

"பொய் சொல்றா. பருப்பு வாசம் இங்க வரைக்கும் வருது."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே மற்றவர்களுக்கும் பதில் சொன்னேன். கதவைத் திறந்தபோது பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. பருப்பும் மிஞ்சவில்லை.

மறுநாள் கெஸ்ட் ஹவுஸ் மேடம் அடுத்த அறைக்குப் போய் ஃபோன் அடித்தார். அங்கே யாராவது இருக்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார். என் மனக்கண்ணில் தெரிந்தது ஈரத்துணியோடு நிற்கிற அக்காதான். "யெஸ் மேடம், சம்பொடி இஸ் ஹியர்." யாராவது எனக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போனார்களா என்றார். "நோ மேடம், நோபொடி கேம்." திரும்பி வந்தவர், சிரித்த முகமாகப் பேசுகிறாயே, நாளைக்கே வந்துவிடு என்று சிங்களத்தில் சொன்னார்.

சாயங்காலம் எங்கள் தோட்டத்துக்குக் கீழே பெரகலயில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறினேன். எங்கள் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே அந்த லயத்து எவ்ரிபொடியும் இருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அண்ணி கையைத் தட்டினாள். அண்ணன் மட்டும் பின்வாசல் வழியாக நழுவினான்.

அந்த வேலையில் எத்தனையோ சம்பளம் வாங்கிவிட்டேன். அண்ணன் தரவேண்டிய நூறு ரூபாய்தான் இன்னும் பாக்கி.