ஆர்மியில் தண்ணீர் கிடையாது

ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் உன் முதல் நாள் எப்படி இருந்தது என்று யாராவது ஆசையாகக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெருமை பேச அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

நாங்கள் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்காரர்கள். இலங்கையின் தேயிலை மலையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பம். கடல் நடுவே வாழ்ந்தோமே தவிர, கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மரத்தில் பால் வெட்டுவது, வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புவது, அவ்வளவுதான். ஓடையில் முதலை கிடக்கும் என்பதால் கணுக்கால் நனைந்து வந்தாலே முதுகில் அடி விழும். சுனாமியில் அப்பா போனார், லயமும் போனது. அதன் பிறகு போர்ட் பிளேயரில் வளர்ந்தேன். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குப் போனாள். ஜன்னலில் கடல் தெரியாத வீடாகத் தேடித்தான் வாடகைக்குப் பிடித்தாள்.

ராணுவ அதிகாரியாகப் போகிறேன் என்றபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நேவின்னா பேச்சே வேணாம். ஆர்மின்னா போ புள்ள. அவங்க தரையிலதான நடக்குறாங்க."

எனக்கும் அது சரியென்றே பட்டது. யாரிடமும் விசாரிக்கவில்லை. மெயின்லேண்ட் போகும் கப்பலில் ஒருமுறைகூட மேல்தளத்துக்கு வராமல் படுக்கையிலேயே கிடந்தேன். இனி தண்ணீரின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்று அப்படியொரு நிம்மதி.

காலையில் கல்லூரி வாசலில் பெட்டியை இறக்கினேன். மதியம் முடியைக் காதுவரை கத்தரித்தார்கள். பிற்பகலில் எங்கள் பெண்கள் அணியை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திய இடம் நீச்சல் குளம். அண்ணாந்து பார்த்தால் குதிப்பதற்கு ஒரு பலகை.

பயிற்சி தருபவரை அங்கே உஸ்தாத் என்பார்கள். எங்கள் உஸ்தாத் ஒவ்வொருவராக ஊர் கேட்டுக்கொண்டு வந்தார். நான் அந்தமான் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அரே, யே தோ மச்லீ ஹை!"

மீனாம் நான். முதலில் நான் குதித்துக் காட்ட வேண்டுமாம், மற்றவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

"தைர்னா நஹீ ஆதா, சார்" என்றேன். நீச்சல் தெரியாது என்று ஒரு தீவுக்காரி சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே தயாராக இல்லை. பொய் சொல்கிறேன் என்றார். குதி, இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்பலில் கிளம்பு என்றார். வரிசையில் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது என்பது பிறகு தெரிந்தது. அவர்களை யாரும் பொய்க்காரி என்று சொல்லவில்லை. அவர்கள் மலையிலிருந்தும் பாலைவனத்திலிருந்தும் வந்தவர்களாம். நாங்களும் மலையிலிருந்து வந்தவர்கள்தானடா, அதைக் கேட்க உங்களுக்கு வாயில்லையா என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

கிளம்பிப் போக முடியாது. கடல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு, தரையில் எனக்கென்று கிடைத்த ஒரே இடம் அது. படித்து, தேர்வெழுதி வாங்கிய இடம். ஒரு மனிதரின் மீன் கேலிக்காக அதை விட்டுக்கொடுப்பதா? பலகைக்கு ஏறினேன். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. குதித்தேன்.

கல் மாதிரி மூழ்கினேன். மூக்கிலும் வாயிலும் மருந்து வாடைத் தண்ணீர். குளத்தோரம் நின்ற ஒருவர் நீளக் கழியை நீட்டி இழுத்துப் போட்டார். சிமெண்ட் தரையில் கவிழ்ந்து வாந்தி எடுத்தேன். உஸ்தாத் குனிந்து பார்த்தார். கேலியாக அல்ல, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: நீச்சல் தெரியாதவள் சுனாமியில் எப்படிப் பிழைத்தாய்?

எழுந்து விறைப்பாக நின்றேன். சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கள் தீவு இந்தியில் நான் சொன்னது இதுதான்:

"நீச்சல் தெரியாத நாங்க மேட்டுக்கு ஓடிட்டோம் சார். லயத்துலயே நீச்சல் தெரிஞ்சது எங்க அப்பாவுக்கு மட்டுந்தான். அவர்தான் ஓட முடியாம சிக்கினவங்கள இழுத்துட்டு வரத் தண்ணிக்குள்ள போனாரு."

உஸ்தாத் விசிலை வாயில் வைத்து ஊதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.