குற்றாலத்தில் தண்ணி கொட்டுது

அறுபது வயதைத் தாண்டியதும் என் அண்ணனுக்கு மறதி முற்றிவிட்டது. தென்காசியில் அவரோடு இருந்து பார்த்துக்கொண்டவள் அவருடைய தங்கையான நான்; என்னையே யாரோ என்று நினைப்பார். அதைவிடப் பெரிய பாடு, அவரைக் குளிக்க வைப்பது. "குளிங்கண்ணே" என்று நான் கெஞ்சக் கெஞ்ச, மிரண்டு கையை ஓங்குவார்.

ஆனி மாதத்தில் ஒரு காலை சாரல் முகத்தில் அடித்தது. அன்று நான் கெஞ்சவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, குத்தாலத்துல தண்ணி கொட்டுதாம்" என்றேன்.

துள்ளி எழுந்தார். "ஏட்டி, அப்ப இங்கன என்ன செய்யுத? வண்டியக் கட்டச் சொல்லு!"

சிறுவயதில் என்னை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். கேட்டு எத்தனை காலமாயிற்று! எண்ணெயும் துண்டும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஒரு வண்டி பிடித்தேன். வழியெல்லாம், "வெரசாப் போலே!" என்று வண்டிக்காரரை விரட்டினார். அருவிச் சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்து இழுத்தார். தலையில் எண்ணெய் தேய்த்தபோது முரண்டு பிடிக்கவேயில்லை. வண்டிக்காரர் தோளைப் பிடித்தபடி அருவிக்குள் நுழைந்தவர், சந்தோஷத்தில் கூச்சல் போட்டார். ஓரத்தில் நனைந்து நின்ற நானும் சேர்ந்து கூவினேன்.

திரும்பும்போது, "நீங்க யாரு ஆச்சி?" என்று கேட்டார். எனக்கு வருத்தமே வரவில்லை.

"உங்ககூடக் குளிக்க வந்தவ."

"நல்லாக் குளிச்சோம்லா! நாளைக்கும் வாரீங்களா?"

"வாரேன்" என்றேன். அந்தச் சாரல் காலம் முழுக்கப் போனோம்.