சுவர் மேலே போன அட்டியல்

பதுளைக் கடைவீதியில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவுக்கு, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையோடு சீமைக்குத் திரும்பிவிட்ட துரைசானியின் பழைய பெட்டிக் கேமரா வந்தது. அதற்குள் பல வருடமாய்க் கழுவாமல் கிடந்த பிலிமை வெளியே எடுத்தபோது கையில் ஒட்டிக்கொண்ட பூஞ்சண வாடை, மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் வீசிய அதே வாடை.

லுணுகலைக்கு மேலே இருந்த அந்த லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக வரிசையாய் நின்ற ஆறு காம்பராக்களுக்கும் நடுவில் இருந்த சுவர்கள் கூரைவரை எட்டாது. மேலே விட்ட இடைவெளி வழியாக அடுப்புப் புகையும் கருவாட்டு மணமும் தாலாட்டும் சண்டையும் போய்வந்ததுபோல, துரைசானி படம் பிடிக்க வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அட்டியலும் போனது. லயத்துக்கே அது ஒன்றுதான் நகை. துரைசானி வாசல் வாசலாக நகர, படம் முடிந்தவள் உள்ளே ஓடி அதைக் கழற்றி, "இந்தா, புடிங்கக்கா" என்று அடுத்த காம்பராவுக்குச் சுவர் மேலாக நீட்டுவாள். ஒரு படம்கூட எங்களுக்குத் தராத துரைசானிக்காக அத்தனை அலங்காரம்!

கடைசிக் காம்பரா எங்களுடையது. பக்கத்துக் காம்பரா செல்லம்மா சித்தியின் கழுத்தில் அட்டியல் கயிற்றில் முடிச்சு விழுந்துவிட்டது.

"அவுக்க வரலையேக்கா!"

"விடுடி, ஒன் கழுத்துலயே இருக்கட்டும்" என்று அம்மா வாசலுக்குப் போனாள்.

லயம் மண்சரிவில் போய், அங்கே இப்போது தேயிலை நிற்கிறது. அம்மாவும் போய்விட்டாள்; அவள் முகம் எனக்கு மங்கிக்கொண்டே வந்தது.

பிலிமைக் கழுவிப் படம் போட்டேன். புகைமூட்டத்துக்குள் ஐந்து பெண்கள் ஒரே அட்டியலோடு விறைத்து நிற்கிறார்கள். ஆறாவது படத்தில், வெறுங்கழுத்தோடு நிற்கும் அம்மாதான் சிரிக்கிறாள்.