முப்பத்தொரு தடங்கல்

தன் வீட்டுக்காரருக்கு 'மைக்' என்றொரு பெயர் இருப்பது கல்யாணமான மூன்றாம் நாள்தான் அவளுக்குத் தெரிந்தது. "என்ன அண்ணி, எங்க மைக் வீட்டுல வாயத் திறக்குதா?" என்று சின்ன நாத்தனார் கேட்டாள்.

திறந்தார், வேலை பார்க்கும் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற மாதிரியே. "சாப்பாடு" என்பார். ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பார். "தயார்னா" என்பார். இன்னொரு மூச்சு. "கூப்பிடு." நிலையத்தின் பெரிய கொட்டகையில் சொன்ன சொல் எதிர்ச்சுவரில் மோதி அடங்கினால்தான் அடுத்த சொல் யார் காதிலும் விழும். அதே மரியாதையைச் சமையலறைச் சுவருக்கும் கொடுத்தார் மனுஷர்.

ஐம்பத்தாறு வயதில் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. கைகால் பத்தே நாளில் சரியாயிற்று. பேச்சு சரியாக இருக்கிறதென்று ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிள் கொட்டகையில் சீட்டுக் கிழிக்கலாம் என்றார் நிலைய மேலாளர். அதைச் சொல்லி முடிக்க அந்த மகானுக்குப் பத்து 'வந்து'வும் ஏழு 'அதாவது'வும் பிடித்தன. ஆனால் அவரிடம் யார் சான்று கேட்பது?

ஆஸ்பத்திரியில் பேச்சு நிபுணர் ஒரு சின்னப் பெண். ஒரு பக்கத்தைப் படிக்கவைத்துப் பதிவு செய்தாள். கணினி எண்ணியதைச் சொன்னாள்: "முப்பத்தொரு இடத்துல தடங்கல் இருக்குங்க."

மைக்கின் முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, எத்தன தடவ நின்னாருன்னு எண்ணிட்டீங்க. எங்க நின்னாருன்னு பாத்தீங்களா? திரும்பப் போடுங்க."

போட்டாள். இவள் விரல் மடக்கினாள். "இது சொல்லு முடிஞ்ச இடம். சுவருக்காக நிக்கிறாரு. இதுவும் சுவரு. இது..." விரல் நின்றது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "இது சுவரில்ல. பாதிச் சொல்லுல மாட்டிக்கிட்டாரு."

"எந்தச் சுவருங்க?" என்று, எதிரொலி வராதபடி பஞ்சு ஒட்டிய அறையைச் சுற்றிப் பார்த்தாள் அந்தப் பெண்.

மறுநாள் காலை சுவரைப் பார்க்க நிலையத்துக்கே வந்தாள். மைக்கின் இடத்தில் தற்காலிகமாக வந்திருந்தவர் ஓரிடத்திலும் தடங்காமல் அருவி மாதிரிக் கொட்டினார். சொல்மேல் சொல் விழுந்து குழம்பியது. எந்த வண்டி எங்கே நிற்கிறதென்று தெரியாமல் ஜனங்கள் மூட்டையோடு அங்குமிங்கும் ஓடினார்கள்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் பதிவை மறுபடி கேட்டாள். இருபத்தேழு, தெரிந்தே நிறுத்தியது. நாலு, மாட்டிக்கொண்டது. வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மைக் இப்போது காலை முறையில், அறிவிப்புச் சொல்லும் அதே கண்ணாடிக் கூண்டில் இருக்கிறார். அந்த நாலும் இன்னும் போகவில்லை.