தீவில் நான் நட்ட பதினோராவது கல்

1993இல் நில அளவைத் துறையில் சேர்ந்த நாள் முதல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அதில் ஒரு பக்கத்தில், எந்த மாவட்டத்திலும் இல்லாத ஓர் இடத்துக்கு நான் வரைந்த புலப்படம் இருக்கிறது.

அது ஒரு தீவு. மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பில் இருந்தது. தேர்வு முடிந்த விடுமுறையில், திண்டிவனம் வீட்டில், அந்த விளையாட்டை எனக்குக் காட்டினாள். தீவில் நடக்கலாம், கூழாங்கற்களை அடுக்கலாம், பறவைகளைப் படம் பிடிக்கலாம். அவ்வளவுதான்.

"இதுல எப்படிம்மா ஜெயிக்கிறது?"

"ஜெயிக்கிறதெல்லாம் கெடையாதுப்பா. சும்மா நடந்துக்கினே இருக்கணும்."

சும்மா நடப்பது எனக்கு வராது. பொத்தானை ஒரு முறை அழுத்தினால் ஓர் எட்டு என்று கணக்கு வைத்து, கரையோரம் முழுவதும் அளந்தேன். திருப்பம் வரும் இடங்களில் மூன்று மூன்று கற்களாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் ஓர் எல்லைக்கல்லாகக் கணக்கிட்டு எண் கொடுத்து, நாட்குறிப்பில் குறித்தேன்.

"அப்பா, தீவுக்குப் பட்டா குடுக்கப் போறீங்களா?"

"எல்லை தெரியாம எப்படிம்மா நடக்குறது?"

"கடல்தாம்பா எல்லை!"

விளையாட்டில் மொத்தம் நாற்பது பறவைகள். விடுமுறை முடிவதற்குள் முப்பத்தொன்பதைப் படம் பிடித்துப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். நாற்பதாவது வரவே இல்லை. அந்த வெற்று வரி, பல்லிடுக்கில் சிக்கிய மாம்பழ நார் மாதிரி என்னைப் படுத்தியது. திங்கட்கிழமை காலை மகள் விழுப்புரம் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். லேப்டாப்பும் அவளோடு போகிறது.

ஞாயிறு மாலை 4.10க்கு உட்கார்ந்தேன். சமையலறையில் மனைவி, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவுக்கு, துபாய்க்கு அனுப்புவதுபோல் ஊறுகாய் கட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மணி வாக்கில் மணல்மேட்டுக்கு மேலே, வெள்ளை மார்பும் சிவந்த கால்களுமாக அந்தப் பறவை வட்டமிட்டது. தாழ வந்தது. இறங்காமல் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது.

மகள் விளையாட்டின் குறிப்பேட்டைத் திறந்து படித்தாள். "வெறுந்தரையிலதான் முட்ட வைக்குமாம்ப்பா. அது எறங்கற எடத்துல உங்க கல்லு இருக்குது."

பதினோராவது கல்.

"புடுங்கிப் போடுங்கப்பா."

"எல்லைக்கல்லப் புடுங்கறது குத்தம்மா."

விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. மாடு கட்டக் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போன ஒருவருக்கு, அந்த வாரம்தான் வயலிலேயே நிறுத்தி வைத்து அரைமணி நேரம் அறிவுரை சொல்லியிருந்தேன்.

"நாலு எட்டு தள்ளி வச்சா?" என்றேன்.

"தள்ளி வைக்கிறதும் குத்தம்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

மனைவி ஊறுகாய்க் கரண்டியோடு வாசற்படிக்கு வந்தாள்.

"ஏங்க, அந்த ஆளு மாட்டுக்குப் புடுங்குனாரு, நீங்க பறவைக்குப் புடுங்குங்க. பொண்ணு காலைல கெளம்புது. அப்பறம் கல்லக் கட்டிக்கினு ஒக்காந்திருப்பீங்களா?"

5.25க்குக் கல்லை எடுத்தேன். எடுப்பதற்கு முன், ஈச்ச மரத்திலிருந்து கிழக்கே நாற்பத்திரண்டு எட்டு என்று தூரத்தை எழுதி, சாட்சிகள் இருவர் என்று குறித்து, புலப்படத்தில் அந்தப் புள்ளியின்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். முதல் சாட்சி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தது. இரண்டாவது சாட்சி தலையில் அடித்துக்கொண்டது.

பிறகு எதையும் தொடாமல் மூவரும் உட்கார்ந்திருந்தோம். 5.40க்குப் பறவை இறங்கியது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்போல் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்துவிட்டு, கல் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தது.

"நம்ம ஏரிக்கரைல கத்திக்கினு திரியுமே, ஆள்காட்டி, அதாட்டந்தானே இருக்குது? இதுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றாள் மனைவி. ஆனால் எழுந்து போகவில்லை.

"நீங்களே எடுங்கப்பா," என்று மகள் நகர்ந்துகொண்டாள். படம் எடுத்தேன். நாற்பதாவது வரி நிரம்பியது. காலை 6.50 பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை போன் வந்தது.

"அப்பா, குஞ்சு பொரிச்சி எல்லாம் பறந்துடுச்சி. உங்க கல்லத் திரும்ப வச்சிட்டேன்."

"எங்க வச்ச?"

"ஈச்ச மரத்துலருந்து கெழக்கால நாப்பத்திரண்டு எட்டு. கெளம்பறப்பவே உங்க டைரிய போட்டோ எடுத்துக்கினுதான் வந்தேன்."

"சாட்சி?"

"ரூம்ல மூணு பேரு. கூடவே கத்திக் கத்தி எண்ணுனாங்க. வார்டன் வந்து திட்டிட்டுப் போனாங்க."

பெருக்கல் குறியை அழிக்கவில்லை. நாட்குறிப்பில் எதையும் அழிப்பதில்லை. பக்கத்தில் 'மீண்டும் நடப்பட்டது, சாட்சிகள் மூவர்' என்று எழுதினேன். அப்போதுதான் சாட்சிகளின் பெயர்களைக் கேட்காமல் விட்டது தெரிந்தது.

அதற்காக உடனே திரும்பப் போன் செய்தேன். பெயர்கள் வாங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேசியது நாற்பது நிமிடம்.