குடிலருகே கட்டிய நாய்

2016ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழை. மகனுக்குப் பெண் பார்க்க வந்த லூர்துநாதன், பெண்ணைப் பார்ப்பதற்கு முன் காப்பியைத்தான் உற்றுப் பார்த்தார். மாமனார் ஆகப்போகிறவரை அருள்செல்வி அன்றே அளந்துகொண்டாள்.

காமயகவுண்டன்பட்டியில் அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. வியாபாரியின் தராசை நம்பமாட்டார். பால்காரரின் படியை நம்பமாட்டார். அவர் நம்பிய ஒரே உயிர், சிப்பாய் என்னும் செவலை நாய்.

கிறிஸ்துமஸ் வந்தால் அவருக்குக் கலக்கம் பிறந்துவிடும். வீடு நிறைய உறவினர். நாய்க்கு யார் எதைப் போடுவாரோ, எவர் கண்டார்? அதிலும், அவர் தங்கை ஜெயமேரியின் பட்டுச் சேலையைச் சிப்பாய் முந்தின ஆண்டு கிழித்திருந்தது. ஆகவே, அருள்செல்வி மணமாகி வந்த மூன்றாம் கிறிஸ்துமஸில், எல்லார் கண்ணிலும் படும்படி, கூடத்தில் இயேசு பிறப்புக்கு அமைத்த குடிலின் அருகிலேயே அதைக் கட்டிப்போட்டார்.

"நாய்க்குக் காவலா, எங்களுக்குக் காவலாண்ணே?" என்றாள் ஜெயமேரி.

"ரெண்டுக்குந்தான். ஒன் தட்டை அங்கன கொண்டு போய்த் தின்னு."

"ஏத்தா, ஒன் மாமனார் கறிக்கொழம்பையும் மோந்து பாத்தாகளா?" என்று அவள் அருள்செல்வியைப் பார்த்துக் கண்சிமிட்டினாள்.

பிற்பகலில் சிப்பாய் வாந்தி எடுத்துச் சுருண்டது. லூர்துநாதன் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"என்னத்தடி குடுத்தே?"

"ஒரு சேலைக்காக உசிரையா எடுப்பேன்? நல்லாருக்குண்ணே!" ஜெயமேரி பாதிச் சோற்றில் கைகழுவி எழுந்தாள்.

அருள்செல்விக்கும் உள்ளூர ஐயந்தான். நண்பகலில் ஜெயமேரி நாயருகே குனிந்ததை அவள் கண்டிருந்தாள்.

நாயை ஆட்டோவில் ஏற்றச் சங்கிலியை அவிழ்க்கக் குனிந்தபோதுதான், குடிலுக்குள் அவள் பார்வை சென்றது. தோட்டத்தில் முதலில் பழுத்த குலைகளைக் குழந்தை இயேசுவின் முன் வைப்பது அவ்வீட்டு வழக்கம். வைக்கோலில் வெறுங்காம்புகளே கிடந்தன; பழத்தையெல்லாம் நாயே தின்றிருந்தது. அப்படியானால் ஜெயமேரி குனிந்தது, இயேசுவின் பாதத்தை முத்தமிடத்தான்.

"திராட்சை நாய்க்கு ஆகாதும்மா. சிறுநீரகத்தையே கெடுத்துரும்," என்ற கம்பத்துக் கால்நடை மருத்துவர், உடனே குளுக்கோஸ் ஏற்றினார்.

"ஊரே திங்கிற பழம் நாய்க்கு மட்டும் வெசமா? இவரு நெசமாவே படிச்சவருதானா?" என்று மருமகளின் காதைக் கடித்தார் லூர்துநாதன்.

நாய் பிழைத்தது. தங்கையிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மறு கிறிஸ்துமஸில் முதல் தட்டை அவளுக்கே நீட்டினார். அவள் அதை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

சென்ற கார்த்திகையில் அவர் படுத்த படுக்கையானார். மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே விழுங்கினார். கட்டிலடியில் கிழட்டுச் சிப்பாய் படுத்திருந்தது. இறப்பதற்கு முதல்நாள் அருள்செல்வியை அருகே அழைத்தார்.

"ஆத்தா, அந்த டாக்டரு சொன்னதை நான் இன்னும் நம்பலே. இருந்தாலும், இந்தத் தடவை குடிலைக் கொஞ்சம் ஒசத்திக் கட்டச் சொல்லு."